அம்பு இல்லாமல் விட்ட வில்

1

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆறுமுகம் ஊருக்கு வந்து சொல்லி நீங்கள் கேட்பதைவிட அது மேல். இந்த விஜயதசமியன்று காலையில், குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, முழு நிதானத்தோடு, இன்னொருவருடைய வில்லைக் காலால் மிதித்துக்கொண்டு, இரண்டு கையாலும் நாணை இழுத்து மாட்டி, அம்பு வைக்காமல் விசையைத் தட்டிவிட்டேன். மடத்தனம் பெரும்பாலும் சும்மா இருக்கிறவனுக்குத்தான் வரும். முதுகு பிடித்துக்கொள்கிற அளவுக்குப் பாடுபட்டு ஒரு மடத்தனத்தைச் செய்தவன் தாராவியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு இரண்டு சந்தேகம் வரும். பம்பாய்க்குப் பிழைக்கப் போனவனுக்கு வில்லோடு என்ன வேலை என்பது ஒன்று. அம்பு வைக்காமல் விட்டால் யார் மேலும் படாதே, அது நல்லதுதானே என்பது இன்னொன்று. இரண்டாவது சந்தேகம் எனக்கும் இருந்தது. அதனால் வந்த வினைதான் இவ்வளவும்.

2

நானும் என் மச்சினன் ஆறுமுகமும் ஒரு தகரக் கொட்டகையில் தையல் மெஷின் ரிப்பேர் செய்கிறோம். கொட்டகையின் முன்பாதி கடை, பின்பாதி வீடு. பலகையில் தையல் மெஷின் என்று எழுதியிருந்தாலும் பூட்டு வரும், ஸ்டவ் வரும், குடை வரும், ஒரு முறை ஒரு பெரியவரின் பல்செட் வந்தது. முடியாது என்று நான் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. அதை என் கைத்திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். "கைத்திறமையும் இல்ல, காத்திறமையும் இல்ல. முடியாதுங்கத ஹிந்தில மரியாதையாச் சொல்ல அத்தானுக்குத் தெரியாது, அம்புட்டுதான்" என்று ஆறுமுகம் ஒரு நாள் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டான்.

செம்பூரில் ஆலுபாய் என்று ஒரு பார்சி அம்மாள் இருக்கிறார். அறுபதைத் தாண்டிய வயது. அவருடைய தையல் மெஷினுக்கு வெகு காலமாக நான்தான் வைத்தியன். நவராத்திரி ஆரம்பித்த சமயத்தில் அவர் டாக்சியில் வந்து இறங்கினார். போர்வையில் சுற்றிய ஏதோ ஒன்றைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டிருந்தார். பிரித்துப் பார்த்தால், துப்பாக்கிக் கட்டை போன்ற ஒரு கட்டை. அதன் முனையில் இரும்புப் பட்டையால் ஆன ஒரு வில், குறுக்கே படுத்த வாக்கில் பித்தளைப் பட்டை போட்டு இறுக்கியிருந்தது. நாணை இழுத்துக் கட்டையின் நடுவில் ஒரு பல்லில் மாட்டிவிட்டால் அது அப்படியே நிற்கும். கீழே துப்பாக்கியில் இருப்பது போல விசை. அதைத் தட்டினால் நாண் பாயும். இதற்கு என்ன பெயர் என்று அவர் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். நானாகக் குறுக்கு வில் என்று வைத்துக்கொண்டேன்.

என் மகள் செல்வியைக் கூப்பிட்டு நடுவில் உட்கார வைத்தேன். செல்விக்குப் பதினோரு வயது. பிறந்தது இங்கே, பேச்சு, விளையாட்டு, கனவு எல்லாம் ஹிந்தியில். தூக்கத்தில் அவள் உளறினால், என்ன சொன்னாள் என்று பக்கத்து வீட்டு மராட்டிக்காரியைத்தான் நான் கேட்க வேண்டும். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். நான் எழுதுகிற இதை அவள் படித்து முடிப்பதற்குள் அடுத்த நவராத்திரி வந்துவிடும். அந்தத் தைரியத்தில்தான் அவளைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேன்.

ஆலுபாய் சொன்னதை அவள் எனக்குச் சொன்னாள். அவருடைய வீட்டுக்காரர் கப்பலில் இன்ஜினீயராக இருந்தவர். ஏதோ ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் ஆசைப்பட்டு வாங்கிய வில் இது. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் தோட்டத்துக் கொய்யா மரத்தில் வைக்கோல் அடைத்த சாக்கைத் தொங்கவிட்டு அதில் அம்பு விடுவாராம். ஆலுபாய் இடது பக்கமாக நின்று ஒவ்வொரு அம்பாக எடுத்துக் கொடுப்பார். விட்டுப் பார்க்கிறாயா என்று வீட்டுக்காரர் கேட்கும்போதெல்லாம் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பாராம் இந்த அம்மாள். நாலு வருஷத்துக்கு முன்னால் அவர் காலமாகிவிட்டார். வில் சுவரில் தொங்கித் துருப்பிடித்து, விசை இறுகிப்போய்விட்டது. விஜயதசமி கழிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை அவருடைய பிறந்தநாள். இந்த வருஷம் தன் கையால் ஒரே ஒரு அம்பு விட வேண்டும் என்று ஆலுபாய்க்கு ஆசை.

"அண்ணா, ஏக் பாத்" என்று புறப்படும்போது, ஒரு விஷயம் என்பது போல விரலை உயர்த்தினார். பம்பாயில் நம் ஆட்கள் எல்லோரும் அண்ணாதான், அறுபது வயதுக்காரருக்கும் நான் அண்ணா. "காலி நை சலானே கா. கபி நை."

"அப்பா, ஆன்ட்டி சொல்றாங்க, அம்பு இல்லாம காலி விடக் கூடாதாம். எப்பவுமே" என்றாள் செல்வி.

எனக்கு அது மொழிபெயர்ப்பு இல்லாமலே புரிந்தது. இரண்டு தடவை தலையாட்டினேன். எனக்குப் புரியவில்லை, அதனால் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க வழி இல்லாமல் போனதற்கு இந்தத் தலையாட்டல்தான் காரணம்.

3

இது எனக்குப் பம்பாயில் பதினாலாவது விஜயதசமி. ராமர் பதினாலு வருஷத்தில் ஊர் திரும்பிவிட்டார். எனக்கு இன்னும் ரேஷன் கார்டில் பேரே சரியாகவில்லை. அதில் என் அப்பா பேர் எனக்கும், எங்கள் ஊர்ப் பேர் என் அப்பாவுக்கும் போட்டிருக்கிறது. திருத்தப் போனால், ரேஷன் கார்டில் இருக்கும் ஆள் நான்தான் என்பதற்கு அத்தாட்சி கேட்கிறார்கள். அத்தாட்சியாக என்னிடம் இருப்பது அந்த ரேஷன் கார்டுதான்.

பேர் மாறினாலும் பழக்கம் மாறவில்லை. பம்பாய்க்கு வருவதற்கு முன் நாங்குநேரிப் பக்கம் ஒரு சைக்கிள் கடையில் வேலை பார்த்தேன். பூஜையன்று எல்லா ஆயுதத்துக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டால் மறுநாள் வரை யாரும் தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமியன்று, பூஜையில் வைத்த ஒவ்வொன்றையும் ஒரு தடவையாவது ஓட்டிவிட வேண்டும். அந்தக் கடை முதலாளி இதில் பெரிய கறார்ப் பேர்வழி. எல்லாச் சக்கரத்தையும் ஒரு சுற்றுச் சுற்றுவார், எல்லா பம்பையும் ஒரு அடி அடிப்பார், எல்லா மணியையும் ஒரு தடவை அடிப்பார். தவறிப்போய்த் தன் குடையைப் பூஜையில் வைத்துவிட்டு, கடைக்குள் நின்று அதை விரித்து மடக்கினவர். ஒன்றை விட்டுவிட்டால் அது வருஷம் முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும் என்பார்.

என் கடையிலும் அதே முறைதான். விசையைப் பழுதுபார்த்து, பல்லைத் தேய்த்து, எண்ணெய் போட்டு வில்லை நான் தயாராக்கியது பூஜைக்கு முந்தின நாள். வெளியே வைக்க இடமில்லை. அதனால் அதுவும் சுத்தியல், அரம், திருப்புளி, மெஷின் தலைகளோடு சந்தனம் வைத்துக்கொண்டு பூஜையில் உட்கார்ந்துவிட்டது.

விஜயதசமி காலை. சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினேன். அரத்தால் ஒரு இழுப்பு. ஒவ்வொரு மெஷினிலும் ஒரு தையல். கடைசியில் பார்த்தால் வில் மட்டும் பொட்டோடு என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. சரஸ்வதியின் முன்னால் அடுக்கியதில் ஒன்றை மட்டும் ஓட்டாமல் விடலாமா? அம்புகளை ஆலுபாய் வீட்டிலேயே வைத்திருந்தார். இங்கே இருந்திருந்தாலும் தாராவியில் அம்பு விட முடியுமா? நாலு வீட்டுச் சோற்றுப்பானையைத் துளைத்துவிட்டுத்தான் நிற்கும். ஆகவே அம்பு இல்லாமல் விடுவதுதான் பத்திரம் என்று என் மூளை எனக்கு எடுத்துச் சொன்னது. அது எப்போதாவதுதான் பேசும். பேசும்போது இப்படித்தான் பேசும்.

நாணை மாட்டிவிட்டு விசையில் விரலை வைத்தேன். கோலத்தை அழித்துக்கொண்டே உள்ளே வந்த செல்வி, "அப்பா, காலி..." என்றாள். அதற்குள் தட்டிவிட்டேன்.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? மெஷின் ஊசி முறிகிற சத்தம் எனக்குப் பழக்கம். ஆயிரம் ஊசி ஒரே நேரத்தில் முறிந்தால் அப்படி இருக்கும். திருநீற்றுத் தட்டு துள்ளிக் கவிழ்ந்தது. வில் என் கையில் மாட்டுக்கன்று போல உதைத்தது. என் மனைவி பேச்சியம்மாள் தோசைத் திருப்பியோடு பின்பாதியிலிருந்து ஓடி வந்தாள்.

"என்ன சத்தம் அது?"

"வில்லு."

"யாரு மேல பட்டுச்சு?"

"யாரு மேலயும் படல. அம்பே இல்ல."

"அப்பச் சரி" என்று திரும்பினாள்.

"சரி இல்லம்மா" என்றாள் செல்வி. "அம்பு இல்லாததுதான் கல்தி." தப்பு என்கிறாள்.

அவள் சொன்னதுதான் நிஜம். அம்பு இருந்தால் நாணின் வேகத்தை அது வாங்கிக்கொண்டு போய்விடும். அம்பு இல்லாவிட்டால் அந்த வேகம் முழுக்க வில்லுக்கே திரும்புகிறது. நாண் நைந்து போகலாம். கட்டை பிளக்கலாம். எல்லாவற்றையும்விட மோசம், இரும்புப் பட்டையில் கண்ணுக்குத் தெரியாமல் மயிரிழை மாதிரி ஒரு கீறல் விழலாம். வெளியே பார்க்க ஒன்றும் இருக்காது. அடுத்த தடவை இழுக்கும்போது இரண்டாகப் பறக்கும். இழுக்கிறவரின் முகம் அதற்கு நேரே ஒரு முழ தூரத்தில் இருக்கும். அடுத்த தடவை இழுக்கப் போகிறவர் ஆலுபாய்.

பக்கத்து மராட்டிக்காரர்கள் தசராவுக்குப் பொன் என்று கொடுக்கும் இலைகளைக் கை நிறைய வாங்கிக்கொண்டு ஆறுமுகம் அப்போதுதான் உள்ளே வந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு இலைகளை மெஷின் மேல் வைத்தான்.

"ராமரு வில்ல முறிச்சாரு, பொண்ணு கெடச்சுது. அத்தானுக்கு இருக்கத கொண்டு போயி விடுதாப்புல இருக்கு" என்றான்.

4

அன்று முழுவதும் வேறு வேலை ஓடவில்லை. நாணைக் கழற்றி, வில்லை மேஜை மேல் கிடத்தினேன்.

முதலில் நாண். நடுவில் பல்லில் மாட்டுகிற இடத்தில் சுற்றியிருந்த நூல் அவிழ்ந்து, உள்ளே இரண்டு இழை அறுந்திருந்தது. இதற்கு நான் கவலைப்படவில்லை. தாராவியில் தோல் வேலை செய்கிறவர்களுக்குப் பஞ்சமா? அவர்கள் பை தைக்கிற மெழுகு நூலை வாங்கி வந்து, பழைய நாணின் நீளத்துக்கே புதிது முறுக்கினேன். நடுவில் இழை விலகாமல் இறுக்கிச் சுற்றுவது மட்டும் என் கைக்கு வரவில்லை. பூக்கட்டுகிற விரல்களால் பேச்சி அதைச் சுற்றிக் கொடுத்தாள். ஒரு சுற்றின் மேல் இன்னொரு சுற்று ஏறாமல் அவ்வளவு நெருக்கம். "தலையில வைக்க முடியாத பூ" என்று முடிச்சைப் போட்டாள்.

அடுத்தது கட்டை. விளக்குத் திரிக்கு வைத்திருந்த பஞ்சில் கொஞ்சம் பிய்த்து, கட்டையின் மேல் மெதுவாக நகர்த்திக்கொண்டே போனேன். கண்ணுக்குத் தெரியாத சிலும்பு இருந்தாலும் பஞ்சைப் பிடித்துக்கொள்ளும். எங்கும் பிடிக்கவில்லை. பல்லை நகத்தால் தடவினேன், விளிம்பு மழுங்கவில்லை. விசையைப் பலமுறை தட்டிப் பார்த்தேன். நாண் இல்லாமல்தான். இன்னொரு தடவை அந்தப் பிழை வேண்டாம் என்று செல்வி பக்கத்திலேயே காவல் நின்றாள்.

கடைசியில் இரும்புப் பட்டை. இரும்பில் விரிசல் பார்க்கப் பட்டறைகளில் ஒரு வழி உண்டு. மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு, மேலே சுண்ணாம்புத் தூள் தூவ வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் கசிந்து வந்து வெள்ளைத் தூளில் கறுப்புக் கோடு காட்டும். விஜயதசமியன்று சுண்ணாம்புத் தூளுக்கு எந்தக் கடையைத் திறக்கச் சொல்வது? கவிழ்ந்த தட்டில் திருநீறு இருந்தது. அதை எடுத்து வில் முழுவதும் பூசினேன்.

காப்பி கொண்டு வந்த பேச்சி நின்று பார்த்தாள்.

"காலைல பொட்டு வச்சிய. இப்பத் திருநீறும் பூசுதிய. இதுக்குப் பேய் புடிச்சிருக்கா, ஒங்களுக்கா?"

"விரிசல் பாக்கேன்."

"எங்க?"

"வில்லுலதான்."

குனிந்தேன். பித்தளைப் பட்டை இறுக்கியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், வெள்ளைத் திருநீற்றில், மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு எழும்பிக்கொண்டிருந்தது.

எனக்குக் காப்பி இறங்கவில்லை. துடைத்துவிட்டு மறுபடி மண்ணெண்ணெய், மறுபடி திருநீறு. கோடு அதே இடத்தில் வந்து நின்றது. அந்த அம்மாள் ஒரு அம்பு விட வேண்டும் என்று நாலு வருஷம் கழித்து முடிவெடுத்தார். விசை இறுகிக் கிடந்தவரை வில் பத்திரமாக இருந்தது. நான் பழுதுபார்த்துப் பழுதாக்கிவிட்டேன். வேறொரு பட்டை அடித்துப் போடலாம். ஆனால் அது அவருடைய வீட்டுக்காரர் தொட்ட வில்லாக இருக்குமா?

ஆறுமுகம் இந்தத் தடவை கிண்டல் செய்யவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

"அத்தான், பித்தளையக் கழத்திட்டுப் பாத்தியளா?" என்றான்.

"அதக் கழத்துனா மறுபடி நேராப் பூட்டணுமேன்னு பாத்தேன்."

"கழத்தும். பூட்டிக்கிடலாம்."

கழற்றினோம். பித்தளைக்கு அடியில் மண்ணெண்ணெய் குட்டையாகத் தேங்கியிருந்தது. அதுதான் ஓரமாகக் கசிந்து கோடு காட்டியிருக்கிறது. வெறும் பட்டையைத் துடைத்து, காயவைத்து, மூன்றாம் தடவை பூசினேன். மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றோம். திருநீறு திருநீறாகவே இருந்தது. நூலில் தொங்கவிட்டுத் தட்டினேன். கோயில் மணி மாதிரி சுத்தமாக ஒலித்தது.

"அப்ப ஒண்ணும் இல்லைலா? அந்தம்மாவப் போட்டுப் பயமுறுத்தாண்டாம். கொண்டு போயிக் குடுத்துட்டு வந்துரும்" என்றான் ஆறுமுகம்.

எனக்கும் அதில் ஆசை இருந்தது. ஆனால் கோடு தெரியவில்லை என்பதும் கீறல் இல்லை என்பதும் ஒன்றல்ல. அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது பேச்சிக்குத் தெரியும்.

"நாளைக்கு அந்தம்மா கண்ணுல ஒண்ணு ஆச்சுன்னா, நீங்க சோறு திம்பியளா?" என்றாள்.

நான் பட்டையில் இருந்த திருநீற்றைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"சொல்லிட்டுக் குடுங்க. மொத அம்ப நீங்க விட்டுக் காட்டுங்க. அதுக்கப்புறம் அவுக விடட்டும்."

"பட்டை பறந்தா என் கண்ணுல்லா போவும்?"

"அதுக்குத்தான் நானும் வாரேன்" என்று காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

5

ஞாயிற்றுக்கிழமை நானும் பேச்சியும் செல்வியும் சயானில் ரயிலேறி, குர்லாவில் செம்பூர் வண்டிக்கு மாறினோம். வில்லைப் போர்வையில் சுற்றி நான் மடியில் கிடத்தியிருந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் பிள்ளைக்கு எத்தனை மாதம் என்று கேட்டாள். செல்வி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வர வர என்னோடு ரயிலில் வருவதே அவளுக்கு வெட்கம்தான்.

குர்லா பாலத்தில் டிக்கெட் பரிசோதகர் ஒருவர் மறித்தார். போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினார். ஆயுதம் என்று சொன்னால் வம்பு. எங்கள் சீமையில் வில்லை வைத்துப் பாடுவார்கள் என்பது அப்போது ஞாபகம் வந்தது.

"பாஜா ஹை, சாப். ஹமாரா காவ் கா பாஜா" என்றேன். எங்கள் ஊர் வாத்தியம் என்று பொருள்.

"பஜாவ்" என்றார். வாசித்துக் காட்டு என்கிறார்.

பாலத்தில் நூறு பேர் போய்க்கொண்டிருந்தார்கள். நான் நாணை விரலால் சுண்டினேன். டொய்ங் என்றது. அவர் இன்னும் காத்திருந்தார். வேறு வழியில்லாமல் தொண்டையைக் கனைத்து, எனக்குத் தெரிந்த ஒரே கணபதி வணக்கத்தில் ஒன்றரை அடி பாடினேன். அவர் கையை உயர்த்தி, போதும், போ என்றார். டிக்கெட்டைக்கூடப் பார்க்கவில்லை. செல்வி அதற்குள் பாலத்தின் மறுமுனைக்குப் போய், யாரோ வேறு குடும்பத்துப் பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தாள்.

6

ஆலுபாய் வெள்ளைப் புடவை உடுத்தி, வாசலில் சுண்ணக்கோலம் போட்டு வைத்திருந்தார். தோட்டத்துக் கொய்யா மரத்தில் வைக்கோல் சாக்குத் தொங்கியது. அதை அவரே தைத்து, அவரே கட்டியிருக்கிறார். வில்லுக்காகக் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

ரயிலில் வரும்போதே பேச்சை மனதுக்குள் தயார் செய்திருந்தேன். செல்வியை முன்னால் நிறுத்திக்கொண்டு தமிழில் ஆரம்பித்தேன். சைக்கிள் கடை முதலாளியில் தொடங்கி, விஜயதசமியின் பெருமை, ஆயுதங்களின் மனவருத்தம், என் அறிவின் எல்லை, தாராவியின் சோற்றுப்பானைகள், நாண், பஞ்சு, மண்ணெண்ணெய் என்று எல்லாவற்றையும் சொல்லி, மன்னிப்பில் வந்து முடித்தேன்.

செல்வி ஆலுபாயைப் பார்த்தாள்.

"பப்பா நே காலி சலாயா" என்றாள்.

அப்பா காலியாக விட்டுவிட்டார். அவ்வளவுதான். பாக்கி எல்லாம் எங்கே போயிற்று என்று நான் விழித்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் பாக்கி ஒன்றும் இல்லை. என் பெண் என்னைவிட்டு வேறொரு பாஷைக்குள் போய்க்கொண்டிருக்கிறாள் என்று எனக்கு இருந்த வருத்தம் அந்தச் சமயத்தில் கொஞ்சம் குறைந்தது. அந்தப் பக்கம் எனக்காகப் பேச ஆள் இருக்கிறதே.

ஆலுபாய் வில்லை என் கையிலிருந்து வாங்கி, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். புது நாணின் நடுச்சுற்றை விரலால் தடவினார். பேச்சியின் வேலை என்று செல்வி காட்டினாள். பேச்சியைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு பித்தளைப் பட்டையின் இடுக்கில் அவர் விரல் நின்றது. எவ்வளவு துடைத்தும் போகாத திருநீறு அங்கே கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"யே க்யா?"

"பகவான் கா ராக்" என்றாள் செல்வி. சாமி சாம்பல் என்கிறாள். பார்சி வீட்டு வில்லில் நம்முடைய திருநீற்றைப் பூசிக் கொண்டு வந்திருக்கிறோம். இது வேறு ஒரு குற்றம்.

ஆலுபாய் அதை விரல் நுனியில் தொட்டு எடுத்தார். வெயிலில் பிடித்துப் பார்த்தார். பிறகு தன் இரண்டு புருவங்களுக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். அவர்களுடைய கோயிலில் அணையாமல் எரிகிற நெருப்பின் சாம்பலை அவர்களும் அங்கேதான் வைப்பார்களாம். வீட்டுக்காரர் ஒவ்வொரு பிறந்தநாளும் காலையில் அதை வைத்துக்கொண்டு வந்துதான் வில்லைத் தொடுவாராம். இதைச் சொல்லிவிட்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாக்கின் கயிற்றைச் சரிசெய்யப் போனார். கயிறு சரியாகத்தான் இருந்தது.

முதல் அம்பு நான்தான் விடுவேன் என்றதற்கு அவர் மறுப்புச் சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு பழைய கண்ணாடி கொண்டு வந்தார். கப்பல் இன்ஜின் அறையில் அவருடைய வீட்டுக்காரர் போட்டது. காதுவரை மூடுகிற, கறுப்புச் சில்லு வைத்த கண்ணாடி. அதைத் தன் கையாலேயே எனக்கு மாட்டிவிட்டார். போட்டதும் பட்டப்பகல் அந்தியாகிவிட்டது. பேச்சி தன் பங்குக்குப் பையிலிருந்து ஒரு தலையணையை எடுத்து என் சட்டைக்குள் திணித்துப் பொத்தானைப் போட்டாள். ஏற்கெனவே இருந்த வயிற்றின் மேல் இன்னொரு வயிறு. வில்லாளி தயார்.

செல்வியைக் கிணற்றடிக்கு அப்பால் நிறுத்தினோம். கட்டையின் முனையில் இருக்கும் இரும்பு வளையத்தில் கால் வைத்து, நாணை இழுத்தேன். பட்டை மெல்ல முனகிக்கொண்டு வளைந்தது. ஒவ்வொரு அங்குலத்துக்கும் என் கழுத்து உள்ளே போயிற்று. நாண் பல்லில் மாட்டிக்கொண்டது. முறியவில்லை. தூக்கித் தோளில் வைத்துச் சாக்கைப் பார்த்தேன். இடது பக்கம் ஆலுபாய் கையை நீட்டியபடி வந்து நிற்பது மங்கலாகத் தெரிந்தது. சாக்கு இருக்கும் திசையைக் காட்டுகிறார் என்று நினைத்து, தெரிகிறது தெரிகிறது என்று தலையாட்டினேன்.

வலது பக்கத்தில் மல்லிகைப்பூ வாசனை அடித்தது. பேச்சி முழங்கை படுகிற தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"பேச்சி, தள்ளி நில்லு. பறந்தா எங்க போவும்னு சொல்ல முடியாது. செல்விகிட்டப் போ."

அவள் அசையவில்லை.

"சொன்னாக் கேளு. ஒனக்கும் ஒண்ணு ஆயிட்டா பிள்ளைய யாரு பாப்பா?"

பூ வாசனை அங்கேயே இருந்தது. கறுப்புக் கண்ணாடிக்குள் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் சொல்லாததெல்லாம் தொண்டைக்கு வந்தது.

"ஏதோ பெருசா இருக்கப் போவுதுன்னு ஒன்ன இந்த ஊருக்குக் கூட்டிட்டு வந்தேன். கொண்டு வந்து தகரத்துக்குக் கீழ போட்டேன். ஒரு நாளு ஒரு குறை சொல்லிருப்பியா நீ? இப்பவும் பாரு, போவச் சொன்னாலும் போவாம என் பக்கத்துலயே வந்து நிக்க. எனக்கு இது போதும், பேச்சி. என்ன ஆனாலும் சரி, நான் விடுதேன்" என்று விசையில் விரலை வைத்தேன்.

"மொதல்ல அந்தம்மா கையில இருக்க அம்ப வாங்கி வைங்க" என்றாள்.